பொறுப்பேற்க ஆளில்லாத ஆறு

லாவோஸ் நாட்டின் வாங் வியெங் பற்றிப் பேச்செடுத்தால், தென்கிழக்காசியாவைச் சுற்றும் இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது உலகின் மிகச் சிறந்த ஆற்றுக் கொண்டாட்டம். இன்னொரு கட்சிக்கு, வெளிநாட்டுப் பிள்ளைகள் குடித்துவிட்டுச் செத்துப்போன இடம். இரு தரப்பும் ஆற்றையும் குடியையும் பற்றியே பேசுகின்றன. அந்த விளையாட்டை யார் நடத்தினார்கள், காசு யார் கைக்குப் போனது, அடிபட்டவனை யார் தூக்கினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அங்கே போய் மிதந்து வந்தபின் எனக்கு அந்தக் கேள்விகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

தலைநகர் வியந்தியானுக்கு வடக்கே, நாம் சோங் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர் இது. மேற்குக் கரையில் சுண்ணாம்புக்கல் மலைகள் சுவர் போல் செங்குத்தாக நிற்கின்றன. ஊருக்கு வடக்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு முசுக்கொட்டைப் பண்ணை உண்டு. ரசாயன உரம் போடாமல் நடத்துவது. 1999இல் அதன் உரிமையாளர், தோட்ட வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வேலை முடிந்து இளைப்பாறட்டும் என்று சில டயர் டியூபுகளை வாங்கிப் போட்டார். காற்றடித்த டியூபில் மல்லாந்து படுத்து, ஆறு இழுத்த இழுப்பில் ஊர் வரைக்கும் மிதந்து வருவது. டியூபிங் தொடங்கிய விதம் இவ்வளவுதான். அன்று அதில் சாராயம் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை.

இதன் நிறைகளை நான் மனதாரப் பாராட்டுகிறேன். படகு வேண்டாம், எஞ்சின் வேண்டாம், பயிற்சி வேண்டாம். பெரிய முதலாளி யாரும் தேவையில்லை. கூட்டம் பெருகியபோது ஊர்க்காரர்கள் ஒரு கூட்டுறவை அமைத்துக்கொண்டார்கள். 1,500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் 10 கிராமப் பிரிவுகளாகப் பிரிந்து, முறை வைத்து டியூப்களை வாடகைக்கு விட்டன. சுற்றுலாப் பணம் விடுதி முதலாளியிடமும் பயண முகவரிடமும் மட்டும் போய்ச் சேரும் நாடுகளில், வயலில் நிற்கிறவன் வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு போக வழிசெய்தது பெரிய காரியம். டியூபிங்கை ஒட்டுமொத்தமாகத் தூற்றுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கண்டுகொள்வதேயில்லை.

கோளாறும் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. கூட்டுறவுக்கு வருமானம் டியூபை வாடகைக்கு விட்டதோடு முடிந்தது. கரையோர மதுக்கடைக்கோ, மிதந்து வருகிறவன் எத்தனை முறை கரையேறுகிறான், எவ்வளவு நேரம் தங்குகிறான் என்பதுதான் வருமானம். இரண்டு கடைக்குப் பத்துக் கடை வந்ததும் போட்டி மூண்டது. ஒருவர் ஆற்றில் குதிக்க ஓர் ஊஞ்சல் கட்டினால் அடுத்தவர் அதைவிட உயரமாகக் கட்டினார். பிறகு சறுக்குத் தளம், தொங்கிச் செல்லக் கம்பிவடம். நுழைந்ததும் லாவோ லாவோ என்கிற அரிசிச் சாராயம் ஒரு மடக்கு இலவசம். அதற்கப்புறம் பிளாஸ்டிக் வாளியில் விஸ்கியும் ஊக்கபானமும் கலந்து, நாலு உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுப்பார்கள். ஊக்கபானத்தில் உள்ள காஃபீன் தூக்கத்தைக் கலைக்குமே தவிர போதையை இறக்காது. குடித்தவனுக்குத் தான் தெளிவாக இருப்பதாகவே தோன்றும். சில கடைகளில் கஞ்சாவும் போதைக்காளானும் உணவுப் பட்டியலிலேயே இருந்தன.

டியூபில் படுத்துப் பார்த்தால்தான் இன்னொன்று புரியும். அதைத் திருப்ப முடியாது. இரு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு துடுப்புப் போட்டால் கொஞ்சம் நகரும், அவ்வளவே. காற்றடிக்கும் வால்வின் உலோகத் தண்டு முதுகில் குத்திக்கொண்டே இருக்கும். கடை நெருங்கும்போது, காலி பிளாஸ்டிக் போத்தலை முனையில் கட்டிய கயிற்றை ஒரு பையன் குறிபார்த்து வீசுவான். பிடித்துக்கொண்டால் கிணற்றிலிருந்து குடத்தை இழுப்பதுபோல் இழுத்துக் கரை சேர்த்துவிடுவான். நான் போனபோது கடைகள் சிலவே இருந்தன. ஆனாலும் கயிறு வந்து விழுந்ததும் என் கை தானாகவே அதைப் பற்றியது. களைத்த உடம்பு, முன்னால் வளைவில் நீர் இரையும் சத்தம், கரையில் சிரிக்கிற முகங்கள். 'போவதும் போகாததும் அவரவர் விருப்பம்' என்று வாதாடுகிறவர்கள், அந்த விருப்பம் எந்த நிலையில் எடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் நாம் சோங் கலங்கி, வேகமெடுத்து ஓடும். கோடையில் பல இடங்களில் இடுப்பளவுகூடத் தேறாது. பாறை அடியிலேயே கிடக்கும். ஆனால் ஊஞ்சல் கட்டிய மேடை எல்லா மாதத்திலும் அதே உயரத்தில்தான் நின்றது. எவ்வளவு ஆழம் என்று குறித்த பலகை இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க உயிர்காப்பாளர் இல்லை. முன்னால் குதித்தவன் பிழைத்தான் என்பதுதான் பின்னால் நின்றவனுக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி. வெயிலிலும் ஒரு பொறி இருக்கிறது: மேற்கே மலை அவ்வளவு உயரமாக இருப்பதால், பொழுது சாயுமுன்பே ஆற்றில் நிழல் இறங்கிவிடும். கடைசிக் கடையில் நேரம் போக்கியவர்கள் இருட்டில், குளிர்ந்த நீரில், போதையோடு மிதந்து வந்தார்கள். டியூபைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அபராதம் உண்டு. ஆள் திரும்பாவிட்டால் தேடிப் போக ஏற்பாடு இல்லை.

2011இல் மட்டும் வாங் வியெங் மருத்துவமனையில் பதிவான சுற்றுலாப் பயணிகளின் மரணம் குறைந்தது 27. படுகாயமடைந்து வியந்தியானுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அன்று தலைநகருக்கு மலைச்சாலையில் பல மணி நேரப் பயணம். தலையில் அடிபட்டவரை அங்கிருந்தும் மேகாங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இருபது வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரத்தை ஊஞ்சல், வாளி என்று பட்டியலிட்டுச் சொல்லிவிட முடியாது. நான் கேட்பது ஒன்றுதான்: டியூப் கொடுத்தவர், சாராயம் ஊற்றியவர், மேடை கட்டியவர், அனுமதி தந்தவர் என்று நாலு பேர் இருந்தும், பிள்ளையின் உயிருக்கு அவர்களில் ஒருவர்கூடப் பொறுப்பாளியாக இல்லாமல் போனது எப்படி?

முதுகுப்பையோடு சுற்றும் பேக்பேக்கர்களும் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது. தங்கள் ஊர் ஆற்றில் ஆழம் தெரியாமல் தலைகீழாகக் குதிக்காதவர்கள் இங்கே குதித்தார்கள். உடம்பை மூடி உடுத்துகிற, புத்த விகாரைக்குப் போய்வருகிற மக்களின் தெருவில் நீச்சலுடையோடு தள்ளாடி நடந்தார்கள். கரையோரம் வீடும் பள்ளிக்கூடமும் உள்ளவர்கள் பகல் முழுவதும் ஒலிபெருக்கியின் அதிர்வில் வாழ்ந்தார்கள். டியூபை முதலில் ஆற்றில் விட்ட அந்தப் பண்ணைக்காரரே பின்னாளில் இந்த இரைச்சலை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்.

2012இல் அரசு இறங்கியது. சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட மதுக்கடைகள் மூடப்பட்டன, மேடைகள் பிரித்தெடுக்கப்பட்டன. அதைச் சரியான முடிவென்றே நினைக்கிறேன். ஆனால் கடையை மூடிய வேகத்தில், டியூபில் மிதப்பவரைக் காக்கும் ஒரு முறை உருவானதை நான் பார்க்கவில்லை. அதே ஆற்றில் வழிகாட்டியோடு, உயிர்காப்பு மேலாடை போட்டு, கயாக் ஓட்டும் குழுக்கள் போவதைப் பார்த்தேன்.   நீரும் பாறையும் மாறவில்லை; முன்னால் ஒருவர் போகிறார், பின்னால் ஒருவர் எண்ணிக்கொண்டு வருகிறார். ஆபத்து ஆற்றோடு பிறந்தது என்ற சமாதானம் இங்கே நிற்காது.

2024 நவம்பரில் இதே ஊரில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அது ஆற்று விபத்து அல்ல. ஆனாலும், விற்பனைக்கு வந்த போத்தலைச் சோதிக்க ஆளில்லாததும் மேடைக்கடியில் ஆழம் பார்க்க ஆளில்லாததும் ஒரே நோய் என்றுதான் நான் படிக்கிறேன். மரணத்துக்குப் பிறகுதான் குறிப்பிட்ட ஓட்கா, விஸ்கி வகைகளுக்குத் தடை வந்தது. முன்பு மதுக்கடைகள் மூடப்பட்டதும் மரணங்களுக்குப் பிறகுதான்.

டியூபிங்கை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் வருமானம் அது. அந்த மலைகளுக்கடியில் ஓசையின்றி மிதக்கும் நேரம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. கரையில் விற்கும் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு பங்கு கூட்டுறவுக்குப் போகட்டும். அந்தப் பணத்தில் வளைவுக்கு ஒரு காப்பாளரைப் போடட்டும். வாடகைச் சீட்டில் பெயரெழுதி, மேலாடை மாட்டிவிட்டு, மாலையில் டியூபை எண்ணும்போது ஆளையும் எண்ணட்டும். ஊரே சேர்ந்து முறை வைத்து டியூப் கொடுக்கத் தெரிந்த கூட்டுறவுக்கு இதைச் செய்ய வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.