பிரபுவின் செயற்பணி வகுப்பறையும் அதில் கேட்கப்படாத தாய்மொழியும்: ‘இரண்டாம் மொழிக் கற்பித்தலியல்’ நூல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

என். எஸ். பிரபு 1987இல் வெளியிட்ட ‘இரண்டாம் மொழிக் கற்பித்தலியல்’ என்னும் ஆங்கில நூல், தென்னிந்தியப் பள்ளிகளில் நிகழ்ந்த ஒரு கற்பித்தல் முயற்சியின் பதிவும் அதற்கான கொள்கை விளக்கமும் ஆகும். அந்நூலின் மொழியியல் அடிப்படையையும் அம்முயற்சி பற்றிய மதிப்பீட்டையும், தமிழ் மாணவரின் ஆங்கிலப் பிழைகளை விளக்கும் நம் ஆய்வு மரபோடு சேர்த்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

திறவுச்சொற்கள்: செயற்பணிவழிக் கற்பித்தல், பெங்களூர்த் திட்டம், பிழை ஆய்வு, தாய்மொழிக் குறுக்கீடு, இடைமொழி

முன்னுரை

ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய மேலைநாட்டு நூல்களில் தென்னிந்திய வகுப்பறை ஒன்று இடம்பெறுமானால், அது பெரும்பாலும் ‘பெங்களூர்த் திட்டம்’ என்ற பெயரிலேயே இடம்பெறும். 1979 முதல் 1984 வரை நடைபெற்ற இத்திட்டத்தை வகுத்தவர், அப்போது பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய பிரபு. சென்னைப் பள்ளி மாணவரும் இதில் பங்கேற்றனர். பெயரில் மட்டும் சென்னை விடுபட்டுப் போயிற்று. இன்று செயற்பணிவழிக் கற்பித்தலை ஆய்வுத் தலைப்பாகக் கொள்வோர் அனைவரும் பிரபுவை மேற்கோள் காட்டுகின்றனர். அவருடைய நூலோடு விவாதித்தவர் குறைவு.

திட்டத்தின் பின்புலம்

பிரபு எதிர்த்தது வெறும் மனப்பாட முறையை அன்று. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமை நோக்கி வரிசைப்படுத்தி, வாய்மொழியாகவும் சூழலோடும் பயிற்றும் அமைப்புவழி முறையே அவர் எதிர்கொண்ட மரபு. அம்மரபு தமிழகத்தில் எவ்வளவு பெரிய அளவில் வேரூன்றியது என்பதற்கு, 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் முயற்சியை ‘மதராஸ் பனிப்பந்து’ என்று பெயரிட்டு விவரித்த 1962ஆம் ஆண்டுக் கட்டுரையே சான்று. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி அளிக்க, அது உருண்டு பெருகும் என்பது எதிர்பார்ப்பு. (பனியே காணாத ஊருக்கு இவ்வுருவகம் எப்படிப் பொருந்தியது என்பது வேறு கதை.)

அமைப்புவழி முறையில் வகுப்பில் சரியாகச் சொல்லப்பட்ட வாக்கியம், வகுப்புக்கு வெளியே பயன்படவில்லை. பிரபுவின் விடை துணிச்சலானது: இலக்கணத்தைப் பாடத்திட்டத்திலிருந்து முற்றிலும் நீக்கிவிட வேண்டும்; மாணவரின் கவனம் பொருளின் மீது முழுமையாகக் குவியும்போது இலக்கண அறிவு அவரறியாமலே உள்ளத்தில் உருவாகும். புகைவண்டிக் கால அட்டவணை, நகர வரைபடம் போன்றவற்றைக் கொண்டு சிக்கல்களைத் தீர்க்கும் செயற்பணிகளே பாடமாயின. தகவல் இடைவெளி, காரணகாரிய இடைவெளி, கருத்து இடைவெளி என்று பணிகளை மூன்றாகப் பகுத்து, இரண்டாவதற்கே அவர் முதன்மை தந்தார். பணி நிறைவேறுவதற்கு எவ்வளவு மொழி தேவையோ அவ்வளவே வகுப்பில் புழங்கியது. குழுப் பணியை அவர் ஏற்கவில்லை. ஆசிரியரின் செம்மையான மொழியே மாணவருக்கு உணவாக வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நம் வகுப்பறைகளின் இருக்கை வரிசைகளை அறிந்த ஒருவரின் நிலைப்பாடு இது.

மதிப்பீடு காட்டியதும் காட்டாததும்

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு, திட்ட வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் ஒப்பிட்டது. அமைப்புச் சோதனையில் வழக்கமான வகுப்புகளும், செயற்பணிச் சோதனையில் திட்ட வகுப்புகளும் முன்னின்றன. இரு சாராருக்கும் பொதுவானவை எனக் கருதப்பட்ட சோதனைகளில் பெரும்பாலும் திட்ட வகுப்புகள் மேம்பட்டன. இதனைத் தற்காலிக ஆதரவு என்ற அளவிலேயே அவர்கள் முன்வைத்தனர். நம் ஆய்வேடுகளில் இது ‘நிறுவப்பட்டது’ என்று மாறிவிடுகிறது. திட்ட வகுப்புகளில் கற்பித்தோரில் பலர் வழக்கமான பள்ளி ஆசிரியரைவிடக் கூடுதல் பயிற்சியும் ஈடுபாடும் உடையவர்கள். வழக்கமான ஆசிரியர்களால் அம்முறையைத் தமதாக்கிக்கொள்ள இயலாமற்போன நிலையைப் பெரெட்டாவே 1990இல் எழுதிய கட்டுரையில் சுட்டினார். முறை வென்றதா, ஆசிரியர் வென்றாரா என்பதைப் பிரித்தறிய அம்மதிப்பெண்கள் போதா.

எனினும் சோதனை முறையைக் குறைகூறுவதோடு அமைவது எளிது. நூலின் ஆழமான சிக்கல் மொழியியல் சார்ந்தது.

ஒரு செயற்பணி தக்க கடினம் உடையதா என்பதை அறியப் பிரபு தரும் அளவுகோல், ஏறத்தாழப் பாதி மாணவர் ஏறத்தாழப் பாதிப் பணியைச் சரியாக முடிப்பதாகும். இவ்வளவுகோல் சிந்தனையை அளக்கிறது, மொழியை அளக்கிறதா? ‘பத்து மணிக்குச் சென்னையிலிருந்து புறப்பட்டு மாலையில் மதுரையை அடையும் வண்டி’ என்று தமிழ் கூறும்போது, அடைகள் அனைத்தும் முன்வந்து பெயர் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வரும். தழுவுதொடர் பின்னால் நீளும். தமிழ் மாணவர் கற்க வேண்டிய இன்றியமையாத மாற்றங்களுள் இது ஒன்று. ஆனால் கால அட்டவணையில் எண்களையும் ஊர்ப்பெயர்களையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு, எண்ணுவதைத் தமிழிலேயே எண்ணி, ‘டென் தர்ட்டி’ என்று விடை கூறும் மாணவருக்கு அத்தொடரைப் பகுத்துணர வேண்டிய தேவையே எழுவதில்லை. பணி வென்றது; தொடர் கற்கப்படவில்லை. பொருளைக் கொண்டே இலக்கணம் வளரும் என்னும் கொள்கைக்கு, பொருளுக்கு இன்றியமையாததாக அமையாத இலக்கணம் எப்படி வளரும் என்பதே இடர்.

‘தாய்மொழிக் குறுக்கீடு’ என்னும் எளிய விடை

இவ்விடத்தில் நம் பிழை ஆய்வுகள் உதவியிருக்க வேண்டும். இராபர்ட் லாடோ 1957இல் முன்வைத்த உறழ்நிலை ஆய்வு, இரு மொழிகளின் வேறுபாட்டைக் கொண்டு கற்பவரின் இடர்களை முன்னுணரலாம் என்றது. 1967இல் பிட் கார்டரும் 1972இல் லாரி செலிங்கரும் பிழைகளைக் கற்பவரின் வளர்நிலை மொழிக்குரிய சான்றுகளாகக் கண்டனர். நம் ஆய்வேடுகளோ கார்டரையும் செலிங்கரையும் முதல் இயலில் போற்றிவிட்டு, நான்காம் இயலில் லாடோவிடம் திரும்பிவிடுகின்றன. பிழைகள் பட்டியலிடப்படும், எதிரே ‘தாய்மொழிக் குறுக்கீடு’ என்று எழுதப்படும்.

‘ஹி கோ டு ஸ்கூல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘கோஸ்’ என்பதன் ஈறு விடுபடுவது தமிழால் என்றால், தமிழ் வினைக்கு எழுவாயோடு இயைபு இல்லாதிருக்க வேண்டும். வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் வினையிலேயே காட்டும் மொழி தமிழ். ‘வரவில்லை’ என்னும் எதிர்மறை எல்லா இடத்துக்கும் பொதுவாக நிற்பதால் ‘ஹி டோன்ட்’ என்பதற்கு வேண்டுமானால் தமிழைக் காரணம் காட்டலாம். ‘ஹி கோ’ என்பதற்குக் காட்ட இயலாது. அவ்வீறு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் தாமதமாகவே வாய்க்கிறது என்பதை ரோஜர் பிரவுன் 1973இலேயே காட்டினார்.

சுட்டிடைச்சொல் நிலையும் அத்தகையதே. ‘தி’, ‘எ’ ஆகியவற்றுக்கு இணை தமிழில் இல்லை; ஆதலின் பிழை என்பர். ‘புத்தகம் வாங்கினான்’, ‘புத்தகத்தை வாங்கினான்’ என்னும் இரண்டையும் ஒப்பிட்டால், அஃறிணைச் செயப்படுபொருளில் ஐயுருபு அறிந்த பொருளைக் குறிக்கவும், உருபற்ற வடிவம் பொதுப்பட நிற்கவும் காண்கிறோம். குறித்தது, குறியாதது என்னும் வேறுபாடு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. அதை ஆங்கிலம் வைக்கும் இடம்தான் புதிது. இதனை ஓர் ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் தமிழிலேயே விளக்கிவிடலாம். பிரபுவின் வகுப்பறையில் அதற்கு இடமில்லை, ஏனெனில் இலக்கண விளக்கமே அங்கு விலக்கு. நம் பிழை ஆய்வுகளிலும் அதற்கு இடமில்லை, ஏனெனில் அங்கே தமிழ் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரு மரபுகள், மாணவர் ஏற்கெனவே பெற்றுள்ள மொழியறிவைப் பயன்கொள்ளாமையில் ஒன்றுபடுகின்றன. தமிழ்வழிப் பள்ளி மாணவருக்கு இதனால் நேரும் இழப்பு சிறிதன்று: தம் மொழி தமக்குத் தடை என்ற எண்ணத்தோடு அவர் கல்லூரிக்கு வருகிறார்.

பிரபுவிடம் கொள்ளத்தக்கது

இத்தனைக்குப் பின்னும், பிரபுவின் நூல் நம் துறையில் தென்னிந்திய மண்ணிலிருந்து எழுந்த மிக நேர்மையான நூல்களுள் ஒன்று என்பதே என் மதிப்பீடு. தம் முறையை எங்கும் பரப்ப வேண்டும் என்று அவர் வாதிடவில்லை. ஆசிரியர் தாம் செய்வதில் தாமே காணும் ஏற்புடைமை உணர்வே கற்பித்தலை உயிர்ப்பிக்கிறது என்றார்; 1990இல், மிகச் சிறந்த முறை என ஒன்று ஏன் இல்லை என்று தனிக் கட்டுரையே எழுதினார். எட்டு வாரம் ‘செயற்பணி முறை’யில் கற்பித்து, முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் இடையிலான மதிப்பெண் வேறுபாட்டை முடிவாக அறிவிக்கும் ஆய்வுகள், அவர் மறுத்த வினாவையே அவர் பெயரால் கேட்கின்றன.

அவ்வகை ஆய்வுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியை வேறொன்றுக்குச் செலவிடலாம். ஏழாம் வகுப்பு மாணவர் இருவர் ஒரு கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு விடை தேடும்போது தமக்குள் பேசிக்கொள்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து எழுத்தாக்க வேண்டும். எவ்விடத்தில் தமிழ் நின்று ஆங்கிலம் தொடங்குகிறது, எந்தத் தொடரைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கின்றனர், எதைப் படிக்காமலே தாண்டுகின்றனர் என்பன அப்பதிவில் கிடைக்கும். பிரபுவின் கொள்கை எந்த இலக்கணக் கூறுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்னும் வினாவை அத்தரவிலிருந்துதான் தொடங்க முடியும்.