ரிச்சர்டின் வரைபடங்கள்

1941. ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரி என்ற சிற்றூரில், சாரணச் சிறுமியர் கூடும் கட்டடமொன்றை வாடகைக்கு எடுத்து, பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை அளித்தார் உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன். மற்றப் பிள்ளைகளைக் கண்டாலே அஞ்சிய அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். அவனுக்கு அவர் இட்ட புனைபெயர் ரிச்சர்ட். நான்கு மாதங்களில் நடந்த 93 அமர்வுகளின் குறிப்புகளும் க்ளைன் மறைந்த மறு ஆண்டு, 1961இல், நூலாக வந்தன.

அந்த அறையில் ரிச்சர்ட் நாடுகளை வரைந்து பங்குபோட்டான். சிவப்பு அவன், வெளிர்நீலம் அம்மா, கறுப்பு அப்பா, ஊதா அண்ணன். எந்த நாட்டை யார் பிடித்தார்கள் என்பதில், வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத பொறாமையும் பயமும் வண்ணமாக இறங்கின. "உனக்கு என்ன கவலை?" என்று நேரே கேட்டிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. விளையாட்டைப் பொழுதுபோக்கென்று தள்ளாமல் பேச்சுக்கு நிகராக மதித்ததுதான் க்ளைனின் பெருங்கொடை. அதை நான் எந்த வாதத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பொருள் சொல்வதில் அவர் காட்டிய அவசரம் என்னை உறுத்துகிறது. இரவில் ஒரு நாடோடி வந்து அம்மாவைத் தூக்கிப்போய்விடுவானோ என்று அஞ்சுவதாக முதல் அமர்விலேயே சொன்னான் ரிச்சர்ட். அந்த நாடோடி அவன் மனத்திலுள்ள அப்பாவின் கெட்ட உருவம் என்று அதே அமர்வில் விளக்கினார் க்ளைன். ஹிட்லரும் அப்படியே அப்பாவானார். வெளியே நிஜமான போர் நடக்கிறது. நிஜமான குண்டுகள் விழுகின்றன. பிள்ளை மறுத்தால் அதையும் மனத்தின் தடை என்று கொள்ளலாம் என்றால், சிகிச்சையாளர் தவறியதை எப்போது, யார் கண்டுபிடிப்பது?

க்ளைன் விளையாட்டுக்குப் பொருள் சொல்லும் விதத்தை, குழந்தை உளப்பகுப்பாய்வாளர் ஆன்னா ஃப்ராய்ட் 1927லேயே கேள்விக்குள்ளாக்கினார். இரண்டு பொம்மைக் கார்களை மோதவிடும் குழந்தை, தெருவில் பார்த்ததைத் திரும்பச் செய்துபார்ப்பதாகவும் இருக்கலாமே. இந்த இடத்தில் நான் ஆன்னாவின் பக்கம்.

பொருள் சொல்வது ஒருபுறமிருக்க, இத்தனை அமர்வுகள் கேட்கும் காலமும் பணமும் எளிய குடும்பங்களுக்கு எட்டாதவை. அதற்கு ஒரு வழி காட்டியவர் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட். மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியை, அவள் கேட்டபோது மட்டும், ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளில் 16 முறை பார்த்தார். முந்திக்கொண்டு விளக்கம் சொல்லும் ஆசையால் எத்தனை பேரின் மாற்றத்தைத் தடுத்துவிட்டேன் என்று முதுமையில் வருந்தி எழுதியவரும் அவரே.

க்ளைனையும் ஒரு விதத்தில் வணங்கத் தோன்றுகிறது. ரிச்சர்ட் திகைத்ததையும் மறுத்ததையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அவரோடு நாம் முரண்படுவதற்கான சான்றுகளெல்லாம் அவர் நூலிலிருந்தே கிடைக்கின்றன.