சங்கிலி அறுந்த ஓட்டம்

2015 ஜூன். ஆஸ்திரியாவின் லியோகாங் மலையில் டவுன்ஹில் சைக்கிள் உலகக் கோப்பைச் சுற்று. அமெரிக்கரான ஆரோன் குவின் புறப்படும் மேடையிலிருந்து பாய்கிறார். முதல் சில மிதிகளிலேயே சங்கிலி அறுந்துவிடுகிறது. இனி மிதிக்க வழியில்லை. ஓரமாக நிறுத்திவிடுவார் என்று பார்த்தால், மனிதர் அப்படியே இறங்கிப் போகிறார். கீழே வந்து சேரும்போது நேரப்பலகையில் முதலிடம். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் கானர் ஃபியரனுக்கும் அவருக்கும் இடையே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் காணொளியைப் புக்கிட் தெங்காவில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து நாங்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. காலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு, சட்டையெல்லாம் செம்மண்ணோடு, ரொட்டி சானாய் வரும்வரை சண்டை போட ஒரு விஷயம் வேண்டுமே. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அண்ணன். அவருடைய தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "அதெல்லாம் ஒரு தடமா லா? சங்கிலி இல்லாமலே ஜெயிக்கலாம்னா, சறுக்குமரத்துல புள்ளைங்க வர்றதும் பந்தயம்தான்." கூட்டத்தின் கடைக்குட்டி, பதினெட்டு வயதுத் தம்பி, விடமாட்டான். "அப்ப நீங்க அடுத்த வாரம் சங்கிலியக் கழட்டிட்டு வாங்கண்ணே, பாக்கலாம்."

தடம் லேசா, ஆள் கெட்டிக்காரனா? இந்தக் கேள்வி இந்த விளையாட்டைத் தொடர்பவர்கள் நடுவே வருடக்கணக்காக ஓடுகிறது. எனக்கு இது நம் இலக்கியக் கூட்டங்களில் கேட்கும் சண்டையைத்தான் நினைவூட்டும். புரியாத கவிதை என்றால் ஆழமானது, தடையில்லாமல் வாசித்து முடித்த நாவல் என்றால் ஜனரஞ்சகம் என்று ஒரு கட்சி. வாசகனைத் திணறடிப்பவன் எழுத்தாளனே இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் 'கடினம்' என்ற சொல்லை ஒரே எடையுள்ள பொருள் மாதிரி தூக்கி வைக்கிறார்கள். அது அப்படிப்பட்ட பொருள்தானா என்பதுதான் என் சந்தேகம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. மலை மேலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள், கடிகாரத்துக்கு எதிராக. உலகச் சைக்கிள் சங்கத்தின் விதிப்படி தடத்தின் நீளம் 1,500 முதல் 3,500 மீட்டர். இறங்க ஆகும் நேரம் 2 முதல் 5 நிமிடம். இரு பக்கமும் நாடா கட்டியிருப்பார்கள். நாடாவைத் தாண்டக்கூடாது, நாடாவுக்குள் எந்த வழியில் போகிறாய் என்பது உன் பாடு. பயிற்சிக்கு முன் வீரர்கள் தடத்தை நடந்தே பார்ப்பார்கள். ஒரு வேர் முன்னால் பத்து நிமிடம் கைகட்டி நிற்பவர்களும் உண்டு. ஆண்களும் பெண்களும் ஒரே தடத்தில்தான் ஓட்டுகிறார்கள்.

சரி, லியோகாங். அன்றைய தடத்தைப் பலர் குறை சொன்னது உண்மை. 'பைக் பார்க் தடம்' என்பார்கள்: வழவழப்பாக வெட்டிய பாதை, அணைகட்டிய வளைவுகள், திறந்தவெளி. அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தடம் லேசு என்றால் அன்றைக்கு எல்லாருக்கும்தான் லேசு. மற்றவர்களிடம் சங்கிலியும் இருந்தது! சங்கிலி இல்லாதவன் பிரேக் பிடித்து இழந்த வேகத்தை மிதித்து மீட்க முடியாது. ஆகவே எங்கே பிரேக் பிடிக்காமல் இருக்கலாம் என்பதை அவன் கண்டுபிடித்தே ஆகவேண்டும். மிதிக்க முடிந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் அவர்கள் கண்ணுக்கு அந்த இடங்கள் படவும் இல்லை. இதில் பொறியியல் பக்கமும் ஒன்று உண்டு. பின்சக்கரம் கல்லில் ஏறி மேலெழும்போது சங்கிலி இழுபட்டு, பெடலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். அதிர்வுதாங்கி அந்த அளவுக்குச் சுதந்திரமாக வேலை செய்யாது. சங்கிலி போனால் அந்த இழுப்பும் போகும். பிற்பாடு இந்த உதைப்பைக் குறைக்கும் கருவிகள் கடைக்கே வந்துவிட்டன. அதற்காக, அறுந்தது நல்லதாய்ப் போயிற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2014-ல் நார்வேயின் ஹாஃப்யெல்லில் நடந்த உலக வாகையர் போட்டியில் நெக்கோ மல்லாலிக்கும் தொடக்கத்திலேயே சங்கிலி அறுந்தது. அவர் நான்காவதாக வந்தார். ஒருமுறை நடந்தால் அதிசயம். அடுத்தடுத்த வருடம் இரண்டு தடங்களில் நடந்தால், நாம் எதையோ தப்பாக அளக்கிறோம்.

எதிர்ப்பக்கத்துக்கு வாருங்கள். 2011, சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரி. செங்குத்தான காட்டுத்தடம், மழை, சேறு. 19 வயது டேனி ஹார்ட் 11.699 நொடி இடைவெளியில் உலக வாகையரானார். நொடியைப் பின்னமாக வெட்டி வெற்றி தோல்வி பேசும் விளையாட்டில் பதினொரு நொடி என்பது அடுத்த ஊர். அண்ணனுக்கு இது வேதம். "பாத்தியா, தடம் கஷ்டமா இருந்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும்." அந்த ஓட்டத்தில் எனக்கும் ஒரு மயக்கம் உண்டு. ஆனால் அதே தடத்தில் அன்றைக்கு ஹார்ட்டுக்கு முன்னும் பின்னும் இறங்கியவர்கள் உலகின் தலைசிறந்தவர்கள். அவர்களுக்கு ஆபத்து குறைவாகவா இருந்தது? விழுந்தால் எல்லாருக்கும் ஒரே மரம்தான். அவர்கள் வழுக்கும் இடம் என்று பார்த்துப் பிரேக்கைத் தேடிய சில இடங்களில் ஹார்ட் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்பினார். அவர் சேற்றை வேறு மாதிரி வாசித்தார்.

இங்கே என் ஆபீஸ் வேலையைக் கொஞ்சம் இழுத்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது நிபோங் திபால் வளாகத்தில். வேலை செய்வது இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டையில். எங்கள் பிழைப்பில் எஃப்எம்இஏ என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரு பொருளில் என்னென்ன கோளாறு வரலாம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் போடுவோம். நடந்தால் விளைவு எவ்வளவு கடுமை? நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடக்கும் முன் கண்டுபிடிக்க முடியுமா? ஒவ்வொன்றும் பத்துக்கு. பழைய முறையில் மூன்றையும் பெருக்கி ஒரே எண்ணாக்கிவிடுவார்கள். 2019-ல் வாகனத் துறைக்கு வந்த புதிய கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டது. காரணம் எளிது: உயிர் போகும் கோளாறும் பூச்சு உரியும் கோளாறும் பெருக்கிப் பார்த்தால் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

சைக்கிள் தடத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செய்வதும் இந்தப் பெருக்கல்தான். உயரமான குதிப்பு என்பது முதல் கட்டம்: தவறினால் என்ன ஆகும். அது ஆபத்து. வேர்கள் குறுக்கே கிடக்கும் பக்கச் சரிவு இரண்டாவது கட்டம்: தவற எவ்வளவு வாய்ப்பு. அங்கே விழுந்தால் முட்டி தேயும், அவ்வளவுதான். ஆனால் பத்தில் எட்டுப் பேர் தடுமாறுவார்கள். மூன்றாவது கட்டத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த இடம் எதைக் கேட்கிறது என்று முன்கூட்டியே தெரிகிறதா? லியோகாங் முதல் இரண்டு கட்டத்திலும் குறைந்த மதிப்பெண் வாங்கிய தடம். மூன்றாவதில் அது நிறைய ஒளித்து வைத்திருந்தது. குவின் அதைத் திறந்து காட்டும்வரை யாரும் பார்க்கவில்லை.

லியோகாங்கே பிறகு மாறியது. 2020 உலக வாகையர் போட்டிக்காகக் காட்டுக்குள் செங்குத்தான, வேர் நிறைந்த ஒரு புதுப் பகுதியைச் சேர்த்தார்கள். அக்டோபர் மழையில் அது களிமண் சறுக்காயிற்று. ஸ்காட்லாந்தின் ரீஸ் வில்சனும் சுவிட்சர்லாந்தின் கமீல் பலான்ஷும் வென்றார்கள். குறை சொன்ன வாய்கள் அடைபட்டன. அங்கே வானத்தில் பறக்கும் குதிப்பு எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சேர்த்தது வேரும் சரிவும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது வேல்ஸில் 2014-ல் தொடங்கிய ரெட்புல் ஹார்ட்லைன். டேன் ஆதர்டன் வடிவமைத்த தடம். சாலையையே தாண்டும் பாய்ச்சலெல்லாம் உண்டு. முதல் வருடம் வென்றதும் அதே டேனி ஹார்ட்தான். பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெரிய பாய்ச்சல்களை வரிசையாகப் பத்துப் பேர் செய்வதைப் பாருங்கள். எல்லாரும் ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் வருகிறார்கள். வேறு வழி கிடையாது. வேகம் குறைந்தாலும் கூடினாலும் விபத்து. அங்கே வீரனின் தேர்வு மேடையிலேயே முடிந்துவிட்டது: போகிறேன், போகவில்லை. அது துணிச்சல், அதை மதிக்கிறேன். ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்துக் காட்டும் இடங்கள், என் பார்வையில், அதே தடத்தின் காட்டுப் பகுதிகளில்தான் இருக்கின்றன. கேமரா அங்கே அதிகம் போவதில்லை.

சொந்த மண் விஷயமும் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் வரும். 2013-ல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தடத்தைப் 'மிதிக்கிற தடம்' என்று கேலி பேசினார்கள். நடுவில் நீண்ட சமதளம். அந்த ஊர்க்காரரான கிரெக் மின்னார் கடைசிப் பகுதியில் டயரில் காற்று இறங்கியும் அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். நம் பக்கத்தில், 2018 ஆசிய விளையாட்டின் டவுன்ஹில் இந்தோனேசியாவின் சுபாங்கில் நடந்தபோது கொய்ஃபுல் முக்கிப், தியாரா அண்டினி பிரஸ்திகா என்று இரண்டு தங்கமும் வீட்டுக்காரர்களுக்கே. 2019 சீ விளையாட்டில் இரண்டும் பிலிப்பீன்ஸுக்கு, அதுவும் அவர்கள் மண்ணில். இதெல்லாம் திறமையா, பழக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டுக்கும் நடுவில் சுவர் தெரியவில்லை. ஒரு மண் மழைக்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில் பிடிமானத்துக்கு வரும் என்று தெரிந்திருப்பது திறமை இல்லையென்றால் வேறென்ன? வீட்டுக்காரர் எப்போதும் ஜெயிப்பார் என்றும் இல்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸில் ஆண்கள் தங்கம் பிரான்ஸின் லோயிக் ப்ரூனிக்கும் பெண்கள் தங்கம் கனடாவின் மிராண்டா மில்லருக்கும் போயின.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். போன வருடம் எனக்கு இது தெரியாது.

நாங்கள் ஓட்டுவது ஒரு சின்னக் குன்றில். எந்தக் குன்று என்று சொல்லப்போவதில்லை. நிலம் எங்களுடையது இல்லை. செம்பனை வரிசை முடியும் இடத்தில் தொடங்கி ஓடை வரைக்கும் ஒரு தடம். அதில் முட்டி உயரத்தில் ஒரு இறக்கம் இருந்தது. மாமாக் கடை வாதம் முற்றி, 'தடம் லேசாப் போச்சு' என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்து, அதை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினோம். கணக்குப் போட்டது நான். எந்த வேகத்தில் வந்தால் எவ்வளவு தூரம் விழும், இறங்கும் சரிவு எத்தனை பாகை இருக்கவேண்டும், எல்லாம் சரியாகப் போட்டேன். இன்றைக்கும் அந்தத் தாளில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது.

தம்பி மூன்று முறை சுத்தமாக இறங்கினான். நான்காவது முறை விளிம்புக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டான். அவ்வளவுதான். வேகம் பத்தாமல் முன்சக்கரம் முதலில் கவிழ்ந்தது. காரை எலும்பு இரண்டு துண்டு. பயத்தில் ஒரு விரல் பிரேக்குக்குப் போகும் என்பதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

மருத்துவமனையில் அவனுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. "எல்லாரும் சின்னப் பசங்க. நீங்கதானே தம்பி படிச்சவரு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் அன்றிரவே போன் பண்ணி, "விடுடா, விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்" என்றார். அவர் குரலும் சரியில்லை.

மறுவாரம் நானும் அண்ணனும் மண்வெட்டியோடு போய் அந்த இறக்கத்தைப் பழைய உயரத்துக்கு வெட்டினோம். அதற்குக் கீழே, புதர் மண்டிக்கிடந்த பக்கச் சரிவைத் திறந்துவிட்டோம். குறுக்கே நாலைந்து வேர், நடுவில் ஒரு வழுக்குக் கல். அகலமாகவே விட்டோம், யார் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று. நான் முதல் நாளில் ஏழு முறை கால் ஊன்றினேன். அண்ணன் எண்ணிக்கை சொல்ல மறுக்கிறார்.

ஆறு வாரம் கழித்துத் தம்பி வந்தான். கை இன்னும் தூளியில். ஓட்டமாட்டேன், நடந்து பார்க்கிறேன் என்றான். அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டேன், தலையாட்டினான். சரிவின் தலைமாட்டில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், வழுக்குக் கல்லுக்கு மேலே, நாங்கள் யாரும் போகாத பக்கத்தைக் காட்டினான். அங்கே பழைய வேர் ஒன்று மண்ணில் பாதி புதைந்து, ஒரு சாண் அகலத்துக்கு அணை கட்டியமாதிரி கிடந்தது.

"அண்ணே, இதுல டயர வெச்சா பிரேக்கே வேணாம்" என்றான்.

எனக்கு இன்னும் அந்த வழி பிடிபடவில்லை. மூன்று ஞாயிறு ஆகிறது.