திப்புவின் துப்பாக்கிகளில் புலி

கிருஷ்ணகிரி, பாராமகால் என்ற பகுதியைச் சேர்ந்ததாய் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை மைசூர் ஆட்சியில் இருந்தமையால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கெனச் செய்யப்பட்ட சித்திரத் துப்பாக்கிகள் இவ்வட்டாரத்தின் வரலாற்றுக்கும் உரியவை.

இவை தீக்கல் வகையைச் சேர்ந்தவை. அதாவது, குதிரை எனப்படும் விசையுறுப்பு கவ்வியுள்ள கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறியே மருந்தைக் கொளுத்தும். சிறந்தவற்றில் அக்குதிரையே புலியுருவாகச் செதுக்கப்பட்டிருக்க, கட்டையில் பப்ரி எனும் புலிவரிகள் வெள்ளியால் இழைக்கப்பட்டிருக்கும். குழலிலோ பொன் பதித்த பாரசீக எழுத்துகள் அரசரைப் போற்றுவதோடு, திப்பு புகுத்திய மவ்லூதி ஆண்டுக்கணக்கில் காலத்தையும், சிலவற்றில் கம்மியர் பெயரையும் கூறும். உழைத்த கை பெயர் பெற்றிருப்பதே இவற்றின் மேலான அழகு.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபின் கொள்ளைப்பொருளாக இங்கிலாந்து சென்றவற்றுள் சில வின்ட்சர் அரண்மனைத் தொகுப்பில் உள்ளன. பலவற்றைத் தேடிச் சேர்த்து, 1992இல் அவற்றைப் பற்றி நூலும் எழுதிய ராபின் விகிங்டனின் அரிய தொகுப்பு 2005இல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் விற்கப்பட்டது; ஆய்வுக்கென ஒருங்கே காக்கப்பட்டிருக்க வேண்டிய தொகுப்பு அது.