எந்த ஆமை, எந்த வீடு?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடியிருப்பில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே நான்கு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர், ஊறிப்போன சோற்றுப் பருக்கைகள், நடுவே உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை. இரண்டு கண்களுக்குப் பின்னாலும் சிவப்புப் பட்டை. இமைகள் வீங்கி மூடிக்கிடந்தன. ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். நமுத்த அப்பளம்போல் அமுங்கியது.

கூடிநின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். “கோயில் குளத்துல விட்டுடுங்க, புண்ணியம்” என்றார் ஒரு பெரியவர். “ஊர்ல எங்க கிணத்துல விட்டுடறேன் சார்” என்றார் காவலாளி. “நான் வளர்க்கிறேன் அங்கிள்” என்றாள் கீழ்வீட்டுச் சிறுமி. மூன்றுமே இரக்கத்தில் பிறந்த யோசனைகள். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது: இது எந்த ஆமை?

அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் செய்யும் மீட்பு பாதி மீட்புதான். நட்சத்திர ஆமை வறண்ட புதர்க்காட்டு உயிர். யானையின் காலைப் போல உருண்ட கால்கள். விரலிடைச் சவ்வு கிடையாது. ‘ஆமைதானே’ என்று குளத்தில் போட்டால் மூழ்கிச் சாகும். பாலாமை நம் ஏரி, குளங்களுக்கே உரியது. இவ்விரண்டையும் வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்தில் நட்சத்திர ஆமையும் முதல் அட்டவணைக்கு ஏற்றப்பட்டது. எவ்வளவு பாசத்தோடு வளர்த்தாலும், இவற்றை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. எங்கள் வாளியில் இருந்தது மூன்றாவது வகை: அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலிருந்து உலகெங்கும் விற்பனைக்குப் போன சிவப்புக் காது ஆமை. வண்ணமீன் கடைகளில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பச்சைப் பசேலென்று நீந்தும் குட்டி இதுதான்.

கோயில் குளம் என்ற யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அசாமில் ஹாஜோ என்னும் ஊரில் ஹயக்ரீவ மாதவர் கோயில் குளம் இருக்கிறது. 2002-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், இயற்கைச் சூழலில் அற்றுப்போனதாக அறிவித்த ஒரு கரிய மென்னோட்டு ஆமை, பக்தர்கள் பொரி போட்டுக் காத்த இத்தகைய குளங்களில் உயிர்பிழைத்துக் கிடந்தது. அந்தக் குளத்து முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைப் பிறகு இயற்கை நீர்நிலையில் விடவும் முடிந்தது. நம்பிக்கை ஓர் இனத்தையே காத்திருக்கிறது. ஆனால் அது தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த உள்ளூர் ஆமை. அதே மாநிலத்தில், குவஹாத்தியின் உக்ரதாரா கோயில் குளத்தில் சிவப்புக் காது ஆமையும் கண்டறியப்பட்டது. யாரோ ஒருவர் புண்ணியம் என்று விட்டதாகத்தான் இருக்கும். இந்த ஆமை பெருந்தீனி தின்னும், வெயில் காயும் இடங்களை உள்ளூர் ஆமைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், நோயையும் கொண்டுவரும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இது இருப்பது இதனால்தான். ஓர் உயிருக்குக் காட்டும் கருணை நூறு உயிரின் வாயிலிருந்து பிடுங்கித் தரப்படுவதாக இருக்கக் கூடாது.

கிணற்றில் ஆமை விடுவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்பார்கள். கல் இடுக்குகளும் படிகளும் உள்ள அகன்ற கிணற்றில் ஆமை ஏறி உட்காரவாவது இடமுண்டு. சிமெண்ட் உறை இறக்கிய கிணற்றில் அதுவும் இல்லை. ஏறிக் காய மேடில்லை, முட்டையிட மண்ணில்லை, உச்சிவேளையைத் தவிர வெயிலும் இல்லை. உயிரோடு இருக்கிறது என்பதால் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பல மாதம் பட்டினி தாங்கும் உயிர் ஆமை. அதன் துன்பம் நம் கண்ணுக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும்.

மிஞ்சியது வீடு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிவந்த நாம், இன்று அதிர்ஷ்டம் வரும் என்று வரவேற்பறையில் ஆமை வைக்கிறோம். இரண்டு நம்பிக்கையிலும் ஆமையின் கதி என்ன என்ற கேள்வி இல்லை. வீட்டில் வளர்ப்பதன் பெரிய பலம், அந்த ஆமை ஏரிக்குப் போகாது என்பதே. மீட்ட ஆமைகளை ஏற்கும் மறுவாழ்வு மையங்களின் தொட்டிகளுக்கும் அளவுண்டு. அயல்நாட்டு ஆமை பிடித்துக்கொள்ளும் ஒவ்வோர் இடமும், அருகிவரும் நம் நாட்டு ஆமை ஒன்றுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம். ஆகவே, பொறுப்புள்ள ஒரு வீடு கிடைத்தால் அது உண்மையான உதவி. நம் ஊர் வெப்பமும் இதற்குத் துணை. குளிர்நாடுகளில்போல் தண்ணீரைச் சூடாக்கும் கருவி பெரும்பாலும் தேவைப்படாது.

ஆனால் பொறுப்பு என்பதற்கு அளவு உண்டு. ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்போர் கணக்கு. பெண் ஆமை 10 அங்குலம் வரை வளரும். அப்படியானால் 400 லிட்டர். கடைக்காரர் குட்டியோடு சேர்த்துத் தரும் கண்ணாடிக் கிண்ணத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே முழுதும் உலர்ந்து உட்கார மேடு வேண்டும். நேரடி வெயில் வேண்டும். ஓடு உறுதிப்படத் தேவையான புறஊதாக் கதிரை சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். சோறும் பிஸ்கட்டும் உணவல்ல. எங்கள் ஆமையின் கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ குறைவும், ஓடு நமுத்ததற்கு வெயிலும் கால்சியமும் இல்லாததும் காரணம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். சால்மொனெல்லா கிருமி வேறு. சிறுவர்களுக்கு நோய் தொற்றியதால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்காக விற்பதை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. ஆமையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாத வீட்டில் ஆமை இருக்கக் கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. அது நல்லவர்களையே பிடிக்கும். கடையில் வாடிக்கிடக்கும் குட்டியைப் பார்த்து மனம் பொறுக்காமல் காசு கொடுத்து வாங்கிவந்து, ‘மீட்டேன்’ என்கிறோம். கடைக்காரர் கணக்கில் அது விற்பனைதான். மறுவாரம் அந்த இடத்தில் இன்னொரு குட்டி வந்துவிடும். கைவிடப்பட்டதை ஏற்பது மீட்பு. விற்பதை வாங்குவது, எந்த மனநிலையில் வாங்கினாலும், வியாபாரத்துக்குத் தரும் ஊக்கம்.

எங்கள் ஆமைக்கு மொட்டைமாடியில் நான்கடி நீளச் சிமெண்ட் தொட்டி வைத்தோம். ஒரு முனையில் செங்கல் அடுக்கி மேடு, அதற்கு மேல் பாதி நிழல், காக்கைக்குப் பயந்து கம்பி வலை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அது முதன்முதலாகச் செங்கல்மேல் ஏறி, பின்னங்கால்களை வாத்துபோல் பின்னுக்கு நீட்டி, விரல்களை விரித்துச் சவ்வெல்லாம் வெயிலில் காட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தேன். இடம் பொருந்திவிட்டது என்று ஓர் ஆமை சொல்லக்கூடிய விதம் அதுதான்.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. இவ்வகை ஆமை முப்பது ஆண்டு வாழும். எனக்கு அறுபது ஆகிவிட்டது, வீடும் வாடகை வீடு. அதனால் கீழ்வீட்டுச் சிறுமிக்கும் அவள் பெற்றோருக்கும் தண்ணீர் மாற்றுவது, கீரையும் தீனியும் அளந்து போடுவது, ஓட்டை அழுத்திப் பார்ப்பது எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து வருகிறேன். எனக்குப் பிறகு இது யாருடைய கையில் என்பதற்கும் பதில் வைத்திருப்பவரே ஆமைக்கு வீடு தந்தவர்.