ஆசிரியர் சரித்திரமும் அதன் அளவையும்



காஞ்சி மாநகரின் தென்புறத்தே, பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில், ஓரிக்கை என்னும் ஊர் உளது. பட்டு நெய்வார் வாழும் அவ்வூரின் பெயர்க்கு வைணவ மரபினர் ஒரு காரணம் கூறுவர். தன்னைப் பாடுக என்ற பல்லவ மன்னன் ஏவலை மறுத்தமையாற் கணிகண்ணர் என்பார் நகரை விட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டார். அவர்க்கு ஆசிரியராகிய திருமழிசையாழ்வார் மாணாக்கரைத் தனியே விடுக்க மனங்கொள்ளாது தாமும் உடன் புறப்பட்டார். அவர் வேண்டுகோட்கு இணங்கித் திருவெஃகாவிற் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின் நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இடமே 'ஓரிரவிருக்கை' ஆகி, நாளடைவில் ஓரிக்கை என மருவிற்று என்ப.

இக்கதையின் வரலாற்றுண்மை ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று. சமயம் வேறாயினும், மாணாக்கர்பொருட்டு ஊர் துறந்த ஓர் ஆசிரியரை ஓர் ஊர்ப்பெயர் மறவாதிருத்தல் மகிழ்தற்குரியது. ஆயினும் அப்பெயர் காத்துவைத்தது ஓரிரவை மட்டுமே. கணிகண்ணர் தம் ஆசிரியர்பால் என்ன பயின்றார், எத்துணை ஆண்டு உடனுறைந்தார், எதற்குக் கடியப்பட்டார், எதனால் தேற்றப்பட்டார் என்பன அதனால் அறியப்படா. அதே ஓரிக்கையில், காஞ்சி காமகோடி பீடத்தில் வீற்றிருந்த சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளுக்கு (1894–1994) 2011-ஆம் ஆண்டிற் கருங்கல்லாற் பெரியதொரு மணிமண்டபம் நிறைவேறியது. கல் நெடுங்காலம் நிற்கும். ஆயினும் பாடஞ் சொன்ன குரலை அது காட்டாது.

மறைந்த ஆசிரியரை நினைவிற்கோடற்கு இவ்விரண்டும் ஒழிய மூன்றாவதொரு நெறி உண்டு. அது மாணாக்கரே தம் ஆசிரியர் சரித்திரத்தை எழுதுதல். தமிழில் அந்நெறிக்குத் தலையாய நூல் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் இயற்றிய ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரமே என்பதில் ஐயமில்லை. 1876-ஆம் ஆண்டு பெப்ருவரி 1-ஆந் தேதி திருவாவடுதுறையிற் சிவபதம் அடைந்த ஆசிரியர்க்கு, ஏறக்குறைய 57 ஆண்டுகட்குப் பின்னர், 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது அந்நூல். எழுதத் தொடங்குங்கால் ஐயரவர்கள் தாமே முதுமை எய்தியிருந்தார்கள். பிள்ளையவர்களை நேரிற் கண்டாரும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். கடிதங்களும், சாற்றுக்கவிகளும், உடன்பயின்றார் வாய்மொழிகளும் அந்நூலுட் சேராதிருப்பின், அவற்றுட் பெரும்பகுதி இன்று இல்லையாயிருக்கும்.

இந்நூலைக் குறித்துச் சைவருள் எழக்கூடிய தடை ஒன்று உண்டு. உள்நின்று உணர்த்திய முதல்வனே குருவாய்ப் புறத்தே எழுந்தருளி உணர்த்துவன் என்பது சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்தின் துணிபு. ஆசிரியனைச் சிவமெனவே கண்டு வழிபடல் வேண்டுமாயின், அவர் கடன்பட்டு வருந்தியதையும், நோயுற்றுத் தளர்ந்ததையும், பொருளுடையார் வேண்டியபடியெல்லாம் புராணம் பாடியதையும் விரித்தெழுதுதல் குருநிந்தையின்பாற் படாதோ? ஐயரவர்களோ இவற்றுள் ஒன்றையும் மறைத்திலர். மடத்தின் மகாவித்துவானாய், பல்லோர் போற்ற வாழ்ந்த ஒருவர், மாணாக்கர்க்கு உணவளித்துக் கூலி பெறாது பாடஞ் சொல்லியும் தம் குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்கமாட்டாது சென்றார் என்பதை அந்நூல் நேரே சொல்கின்றது.

தடைக்கு விடை இரண்டு. ஞானாசாரியர் வேறு, வித்தியாகுரு வேறு என்பது ஒன்று. நன்னூலார் கூறும் ஆசிரியர் இலக்கணம் பின்னவர்க்கே உரியது. அஃது அவருடைய குணங்களை எண்ணிக் காட்டுமேயன்றி அவரைப் பிழையற்ற தெய்வமாக்காது. இவ்வேறுபாட்டைக் கொண்டு மட்டும் விடை கூறின், அது தப்பிப்பிழைக்கும் உபாயமாக முடியும். ஆதலின் இரண்டாவதே வலியது. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் என்ன செய்தார்? திருநாவுக்கரசு நாயனார் பல்லாண்டு சமண் சார்ந்திருந்ததையும், சூலைநோயால் துடித்துத் தமக்கையார் திலகவதியாரிடம் ஓடிவந்ததையும் மறைத்தாரில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைத் தவறிக் கண்ணிழந்ததை ஒரு சிறிதும் குறைத்தாரில்லை. அவை நீக்கப்படின் திருவருளின் செயல் எங்ஙனம் விளங்கும்? தொண்டர் சீர் பரவிய அப்புலவர்மீதே பிள்ளைத்தமிழ் பாடியவர் பிள்ளையவர்கள். அவர் சரித்திரம் சேக்கிழார் நெறியில் எழுதப்பட்டது பொருத்தமே.

அந்நூலுள் மறக்கவொண்ணாத பகுதி இறுதிக் காட்சி. திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஐயரவர்கள் படிக்க, கிறிஸ்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை தம் மார்பில் தாங்கிக்கொள்ள, ஆசிரியர் உயிர் பிரிந்தது. ஒரு சைவ மடத்தின் புலவர், பிராமணச் சிறுவர் ஒருவரின் குரலைக் கேட்டுக்கொண்டு, வேற்றுச்சமய மாணாக்கர் ஒருவரின் அணைப்பில் அடங்கினார். இதனை ஐயரவர்கள் வியந்துரைத்து விளக்கவில்லை. நிகழ்ந்தவாறே எழுதிச் செல்கின்றார். அவ்வடக்கமே நூலின் பேராற்றல்.

எனினும் குறை கூறாது புகழ்தல் விமரிசனமாகாது. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை இயற்றியவர் பிள்ளையவர்கள். ஏடு எழுதுவார் கை ஓயுமாறு, முன்னெழுதிய குறிப்பின்றி, செய்யுட்களைத் தொடர்ந்து சொல்லிச் செல்லும் அவர் திறத்தைச் சரித்திரம் கண்முன் நிறுத்துகின்றது. அங்ஙனம் பிறந்த செய்யுட்களுள் எவை நிற்பன, எவை தலத்தார் விருப்பத்திற்காக மட்டும் பாடப்பட்டன என்னும் வினா அந்நூலில் எழவேயில்லை. பாடப்பட்ட காலமும், பாடுவித்தார் பெயரும், அரங்கேற்றத்தின் சிறப்பும், அளித்த பரிசிலும் நிரல்பட வருகின்றன. நூலின் தரம் பேசப்படுவதில்லை. அத்தகைய புலமை வேண்டுவார் வேண்டியதற்கே செலவாயிற்றே என்ற வருத்தம் படிப்பார்க்கு உண்டாகும். எழுதியவர்க்கு உண்டாயிற்றா என்பது தெரியவில்லை.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது வேற்றுத்துறை நூல் ஒன்று. இளமையிற் சிலகாலம் இக்காஞ்சியிலும் பயின்ற கணித மேதை சீநிவாச இராமாநுசன் 1920-ஆம் ஆண்டில் 32 வயதில் மறைந்தார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வருவித்து உடனிருந்து ஆராய்ந்த ஹார்டி என்னும் பேராசிரியர், 1940-ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே 12 விரிவுரைகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அதில் அன்பும் வியப்பும் நிரம்ப உள்ளன. ஆயினும் பகா எண்களைப் பற்றி இராமாநுசன் கொண்ட கருத்துக்கள் பிழைபட்டன என்பதையும், அப்பிழை எதனால் நேர்ந்தது என்பதையும் ஹார்டி ஒளியாது எழுதுகின்றார். அங்கே நினைவுகூர்பவர் மூத்தவர், நினைக்கப்படுபவர் இளையவர். ஆதலின் அத்துணிவு எளிதாயிற்று எனலாம். மாணாக்கர் ஆசிரியர் நூலை நிறுக்கப் புகுதல் தமிழ் மரபில் அரிது. அவ்வருமையை உணர்ந்தோரும் அக்குறையைக் குறையென்றே கொள்ளல் வேண்டும்.

ஐயரவர்கள் முற்றும் வாய்மூடி இருந்தாரல்லர் என்பதற்கு, 1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதிவந்த 'என் சரித்திரம்' சான்று. வேங்கடராமன் என்ற பெயரை விரும்பாது வேறு பெயர் உண்டோ என்று ஆசிரியர் வினவ, அது முதல் தாம் சாமிநாதன் ஆனதை அங்கே சொல்கின்றார். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் பயின்ற இசையை ஆசிரியர் விரும்பாமையால் விட்டதையும் சொல்கின்றார். 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார், பிள்ளையவர்களிடம் கற்ற நூல்களின் நெடிய வரிசையைக் கேட்டபின், சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என்று வினவித் தம்மைத் திகைக்கவைத்ததையும் ஒளித்திலர். ஆசிரியர் கல்வியின் எல்லை எதுவென்பது அவ்வொரு வினாவில் வெளிப்பட்டுவிடுகின்றது. 1887-இற் சிந்தாமணி அச்சேறியது அவ்வெல்லையைக் கடந்ததன் பயன். ஆசிரியர் சரித்திரத்தை மட்டும் படித்து நிறுத்துவோர் பிள்ளையவர்களை அரைப்பங்கே அறிவர். இரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தல் வேண்டும்.

இவ்வகைச் சரித்திரத்தின் அருமை, அது இல்லாத இடத்தை நோக்கின் நன்கு புலனாகும். காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தை மாதவச் சிவஞான முனிவரும் (மறைவு 1785), இரண்டாங் காண்டத்தை அவர் மாணாக்கர் கச்சியப்ப முனிவரும் (மறைவு 1790) இயற்றினர். சிவஞானபோதத்திற்கு மாபாடியங் கண்ட பேராசிரியர் காஞ்சியில் இருந்தபொழுது எங்ஙனம் பாடஞ் சொன்னார் என்பதைக் கச்சியப்பர் அறிவார். அதனைத் தனியே எழுதிவைத்தாரில்லை. ஆசிரியர் விட்ட இடத்திற் புராணத்தைத் தொடர்ந்ததே அவர் செய்த நினைவு. அது பெருந்தொண்டாயினும், முனிவரைக் காண விழைவார்க்கு இன்று எஞ்சுவன செவிவழிச் செய்திகளே. மற்று, காஞ்சிபுரம் சபாபதி முதலியார் என்னும் புலவரிடத்துப் பிள்ளையவர்கள் சென்னையில் இருந்தபொழுது பாடங் கேட்டார்கள். அம்முதலியாரைப் பற்றி அறிய விரும்புவோர் இன்றும் முதற்கண் எடுத்துப் புரட்டுவது ஐயரவர்கள் எழுதிய அச்சரித்திரத்தையே.