அன்னபூர்ணாவை முதலில் யார் வாயால் கேட்பது?

மலையேற்றம் பற்றிப் படிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பெயர் மோரீஸ் ஹெர்சாக்கின் ‘அன்னபூர்ணா’. 1951இல் பிரெஞ்சில் வெளியானது. மறு ஆண்டே ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டே மலையேறப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க மலையேறியும் எழுத்தாளருமான டேவிட் ராபர்ட்ஸ் அவர்களில் ஒருவர். அந்த நூலை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மலை பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் முதலில் கொடுக்கத் தக்க நூல் அதுதானா? இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மற்றவர்களின் சாட்சியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

1950 ஜூன் 3 அன்று ஹெர்சாக்கும் லூயி லாஷெனலும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தார்கள். 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரம் ஒன்றின் உச்சியில் மனிதர் நின்றது அதுவே முதல் முறை. ஆக்சிஜன் உருளையின் துணையும் இல்லை. இறங்கும் வழியில் எல்லாம் தலைகீழானது. கடைசியில் ஹெர்சாக் கால்விரல்கள் அனைத்தையும் கைவிரல்களில் பெரும்பகுதியையும் இழந்தார். லாஷெனலுக்குக் கால்விரல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாரிஸை அடுத்த நெய்யியில் இருந்த மருத்துவமனையில் படுத்தபடி, பேனா பிடிக்க விரல் இல்லாத நிலையில், ஹெர்சாக் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்த நூல் இது.

அதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பாதி ஒரு தேடல் கதை. நேபாளம் அப்போதுதான் வெளியாருக்குக் கதவு திறந்திருந்தது. கையில் இருந்த வரைபடமோ தவறானது. தவளகிரியா அன்னபூர்ணாவா என்றே முடிவாகாமல், மலைக்குப் போகும் வழியைத் தேடியே வாரக்கணக்கில் அலைகிறார்கள். பருவமழை வந்துவிடுமோ என்ற பதற்றம் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறிக்கொண்டே போகிறது. ஏறிய கதைகளைச் சொன்ன நூல்கள் ஏராளம். மலையைக் கண்டுபிடிப்பதே இத்தனை பாடு என்பதை இவ்வளவு நன்றாகச் சொன்ன நூலை நான் வேறு படித்ததில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு கணம். உச்சியிலிருந்து இறங்கும் ஹெர்சாக், பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றி வைக்கிறார். அவை சரிவில் உருண்டு ஓடுகின்றன. பார்த்துக்கொண்டே நிற்கிறார். பையிலேயே மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. உயரத்தில் காற்று குறையும்போது மனிதனின் மூளை என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த மருத்துவ நூலிலும் கிடைக்காது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முயலாமல் அவர் இதைச் சொல்வதும் பாராட்டத் தக்கது.

பிறகு ஏன் தயக்கம்? இது ஒன்பது பேர் போன பயணம்; பேச அனுமதி பெற்றவரோ ஒருவர் மட்டும். புறப்படுவதற்கு முன்பே, பயணத்தை ஏற்பாடு செய்த லூசியன் டெவி, தலைவரான ஹெர்சாக்குக்குக் கீழ்ப்படிவதாக அனைவரிடமும் உறுதிமொழி வாங்கினார். ஐந்து ஆண்டுகளுக்கு வேறு யாரும் இதைப் பற்றி எதுவும் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தமும் இருந்தது. அந்தப் பயணத்தில் போன காஸ்டன் ரெபுஃபா அந்த உறுதிமொழியையே கசப்போடுதான் ஏற்றார் என்பது, 1996இல் ஈவ் பல்லூ எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. அதற்குள் அவர் இறந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

லாஷெனலுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. ஐந்து ஆண்டுத் தடை முடிந்ததும் தன் குறிப்புகளை வெளியிட அவர் தயாரானார். ஆனால் 1955 நவம்பரில், ஷாமோனிக்கு மேலுள்ள வாலே பிளான்ஷில் பனிச்சறுக்கில் போகும்போது பனிப்பிளவில் விழுந்து இறந்தார். மறு ஆண்டு ‘கார்னே டு வெர்தீஜ்’ என்ற தலைப்பில் அவர் நூல் வந்தது. அதைத் தொகுத்தவர் ஜெரார் ஹெர்சாக், மோரீஸின் உடன்பிறந்த சகோதரர். தலைவரின் கதையோடு ஒத்துப்போகாத பகுதிகள் வெட்டப்பட்டன. 1996இல் மிஷேல் கெரான் என்ற பதிப்பாளர் முழு வடிவத்தை வெளியிட்டபோதுதான், வெட்டப்பட்டவை எவை என்று வாசகர்களுக்குத் தெரியவந்தது.

வெட்டப்பட்டவற்றில் முக்கியமானது உச்சிக்குச் சற்று முன் நடந்த உரையாடல் பற்றியது. அந்த உரையாடல் ஹெர்சாக்கின் நூலிலும் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. கால்கள் உறைவதை உணர்ந்த லாஷெனல், நான் திரும்பினால் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். தனியாகவே போவேன் என்கிறார் ஹெர்சாக். அப்படியானால் நானும் வருகிறேன் என்று லாஷெனல் பின்தொடர்கிறார். ஹெர்சாக்கின் பக்கங்களில் இது இரு தோழர்களின் மன உறுதி ஒன்றுசேரும் இடம். லாஷெனலின் குறிப்பு சொல்வது வேறு. ஹெர்சாக் தனியாகப் போனால் உயிரோடு திரும்பமாட்டார் என்று அவர் கணித்தார். தனக்காகவோ நாட்டின் பெருமைக்காகவோ அல்ல, ஒரே கயிற்றில் பிணைந்தவனை விட்டுவரக் கூடாது என்பதற்காகவே போனார். அதன் விலை தன் கால்கள் என்பதும் அப்போதே அவருக்குத் தெரியும். அவர் ஷாமோனி வழிகாட்டி, கால்தான் பிழைப்பு. ஹெர்சாக்கோ டயர் நிறுவனம் ஒன்றின் அதிகாரி.

இந்த ஒரு செய்தி தெரிந்ததும் ஹெர்சாக் நூலின் நடுத்தூணே ஆட்டம் காண்கிறது. உச்சியில் தான் அடைந்த பரவசத்தை அவர் மிக உயர்ந்த மொழியில் எழுதுகிறார். முன்னுரையில், இழப்பே தனக்கு விடுதலை தந்தது என்ற பொருளில் பேசுகிறார். அவரளவில் அது உண்மையாக இருக்கலாம். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பரவசத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் நின்றிருந்தார். உடனே இறங்கியாக வேண்டும் என்று தவித்துக்கொண்டு, உச்சியில் வெறுமையைத் தவிர வேறொன்றும் உணராமல். அவர் வாயை அடைத்துவிட்டு இழப்பு ஒரு வரம் என்று எழுதும்போது, பதினேழு வயது வாசகனுக்கு ஆபத்தான பாடம் ஒன்று போய்ச் சேர்கிறது. முதல் நூலாக இதைக் கொடுக்க நான் தயங்குவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தன்வரலாறு என்பது ஒருவர் பார்வை. அதில் மற்றவர் மனதையும் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? கூடாதுதான். மற்றவர்களும் தங்கள் நூல்களை எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்திருந்தால் இந்த மறுப்பை முழுமையாக ஏற்பேன். இங்கே ஒப்பந்தம் அதைத் தடுத்தது. ஒருவர் பார்வையாக எழுதப்பட்ட நூல், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முழு வரலாறாக நின்றது. ஹெர்சாக் அதன் மேல் நின்று டிகால் அரசில் இளைஞர், விளையாட்டுத் துறைப் பொறுப்புக்கும், பின்னர் ஷாமோனியின் மேயர் பதவிக்கும் போனார். நூலின் நடையை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது எந்த நிலைமையில் ஒரே குரலாக ஒலித்தது என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ராபர்ட்ஸ் 2000இல் எழுதிய ‘ட்ரூ சம்மிட்’ இந்த ஆவணங்களையெல்லாம் ஒன்றாகக் கொண்டுவந்து பேசுகிறது. பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு லாஷெனலின் குரலை எட்டவைத்த உதவிக்காகவே அதைப் பாராட்டலாம். உச்சியில் எடுத்த படங்களை வைத்து, ஹெர்சாக்கும் லாஷெனலும் சிகரத்தைத் தொட்டார்களா என்றே ஐயம் எழுந்தது. லாஷெனலின் வெட்டப்படாத குறிப்பிலும் அந்த ஐயத்துக்கு இடமில்லை என்று ராபர்ட்ஸ் நேர்மையாகவே முடிவுக்கு வருகிறார். அதை நான் ஏற்கிறேன். குறை என்னவென்றால், இளமையில் தான் வழிபட்ட நூல் ஏமாற்றிவிட்டதே என்ற வலி அவர் பேனாவை அடிக்கடி இழுக்கிறது. ஹெர்சாக்கை ஓர் இடத்தில் நம்பும்போதும்கூட அரை மனதோடுதான் நம்புகிறார். மூல நூலைப் படிக்காதவருக்கு இது வெறும் வழக்கு விசாரணையாகத் தெரியும். ஆகவே முதல் நூலாக இதுவும் ஆகாது.

எஞ்சியிருப்பவர் லியோனல் டெரே. அதே பயணத்தில் போனவர். 1961இல் வந்த அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில் ‘கான்கிஸ்டடோர்ஸ் ஆஃப் தி யூஸ்லெஸ்’ என்ற பெயரில் கிடைக்கிறது. எந்தப் பயனும் இல்லாத ஒன்றை வெல்லப் போகிறவர்கள் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கும் நூல்.

அன்னபூர்ணாவில் டெரே செய்ததை முதலில் சொல்ல வேண்டும். மேல் முகாம்களில் போதிய பொருள் இல்லை என்று கண்டதும், இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய தன் முறையை விட்டுவிட்டுச் சுமையை மேலே தூக்கிப் போனார். அதனால் ஏறும் வரிசை மாறி, உச்சிக்குப் போகும் வாய்ப்பு அவர் கையை விட்டுப் போனது. ஹெர்சாக்கும் லாஷெனலும் உறைந்த கைகால்களோடு கடைசி முகாமுக்கு வந்து சேர்ந்த இரவில், டெரேயும் ரெபுஃபாவும் கயிற்று நுனியால் அவர்கள் உறுப்புகளை மணிக்கணக்கில் அடித்து இரத்தம் ஓடச் செய்யப் பார்த்தார்கள். உறைந்த சதையை அடிப்பதும் தேய்ப்பதும் கெடுதியையே கூட்டும் என்பது இன்றைய மருத்துவம். அன்று எல்லோரும் நம்பிய முறை அது. காலையில் லாஷெனலின் வீங்கிய பாதங்கள் அவருடைய காலணிக்குள் போகவில்லை. டெரே தன் பெரிய காலணிகளைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார். பிறகு லாஷெனலின் சிறிய காலணிகளைக் கத்தியால் கீறிப் பிளந்து அதற்குள் தன் கால்களைத் திணித்துக்கொண்டார். ஏழாயிரம் மீட்டருக்கு மேல், பனிப்புயலில், தன் காலையே பணயம் வைக்கும் செயல் இது.

ஆனால் இந்தத் தியாகத்துக்காக அவர் நூலை நான் முன்வைக்கவில்லை. அன்னபூர்ணா அதில் ஒரு பகுதிதான். கிரெனோபிளில் கழிந்த பிள்ளைப் பருவம், போர்க்காலத்தில் மலையடிவாரப் பண்ணையில் பட்ட பாடு, ஜெர்மானியருக்கு எதிரான மலைப்போர், 1947இல் லாஷெனலோடு ஐகரின் வடமுகத்தை இரண்டாவதாக ஏறியது, வழிகாட்டியாகக் கூலிக்கு வேலை செய்த ஆண்டுகள், 1952இல் ஃபிட்ஸ்ராய், 1955இல் மக்காலு என்று ஒரு முழு வாழ்க்கை. மலையேற்றம் அதில் வேலையாக இருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது, வாடிக்கையாளர் எப்படி நடந்துகொள்வார், வானிலை மாறினால் எப்போது திரும்புவது என்பதெல்லாம் வருகிறது. மக்காலு எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்ததில் தனக்கு ஏமாற்றம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறார்.

லாஷெனலை அவர் தீட்டியிருக்கும் சித்திரம் ஒன்று போதும், இந்த நூலை உயர்த்திப் பிடிக்க. பாறையில் அவரைப் போல வேகமும் லாவகமும் கொண்டவரைத் தான் கண்டதில்லை என்று டெரே சொல்கிறார். கால்விரல்கள் போன பிறகு அந்த வேகத்தைக் காரில் தேடி, கண்மண் தெரியாமல் ஓட்டிய லாஷெனலையும் காட்டுகிறார். இதற்குப் பிறகு ‘இழப்பு ஒரு வரம்’ என்ற பேச்சு எந்த வாசகன் மனதிலும் எளிதில் ஏறாது. ஹெர்சாக்கை மறுத்து டெரே ஒரு வரியும் எழுதவில்லை. லாஷெனல் என்ற மனிதரை முழுமையாகக் காட்டினார். அதுவே போதுமானதாக இருக்கிறது.

டெரேயின் நூலிலும் குறை உண்டு. நீளம் அதிகம். பனிச்சறுக்குப் போட்டிகளைப் பற்றிய தொடக்கப் பக்கங்கள் மெல்ல நகர்கின்றன. ஹெர்சாக்கின் முதல் அத்தியாயம் தரும் இழுப்பு இங்கே இல்லை. தலைமையைப் பற்றிய கேள்விகளில் நண்பருக்காக வாயை அடக்கிக்கொள்கிறார் என்று குற்றம் சாட்டினால் அதையும் மறுக்க முடியாது. புகைச்சல்களை அறிந்திருந்தும் எழுதாமல் விட்டவர் அவர். பொறுமை குறைந்தவர்கள் ஐகர் பகுதியிலிருந்து தொடங்கிப் பிறகு முன்னால் போகலாம்.

இந்த நான்கு நூல்களிலும் விடுபடும் இன்னொரு குரல் உண்டு. ஷெர்பாக்களின் தலைவராகப் போன ஆங் தார்க்கே, 1934இலேயே பிரிட்டிஷ் மலையேறிகள் ஷிப்டன், டில்மனோடு நந்தாதேவிப் பள்ளத்தாக்குக்கு வழி கண்டவர். உச்சிக்கு உடன் வரும்படி ஹெர்சாக் அழைத்தபோது, கால் உறையத் தொடங்குகிறது என்று சொல்லி மறுத்துக் கீழே இறங்கினார். ஹெர்சாக்கின் நூல் இதை ஒரு பக்கத்தில் கடந்துபோகிறது. எனக்கு அந்த நாளின் மிகத் தெளிவான முடிவு அதுதான். அவர் சொல்லி எழுதப்பட்ட நினைவுகள் 1954இல் பிரெஞ்சில் வந்தன; ஆங்கிலத்துக்கு வர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிறிய, எளிய நூல். எழுத்தழகு தேடிப் போனால் ஏமாற்றம்தான். சுமையைத் தூக்கியவர்களின் கண்ணால் இமயத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு இன்றியமையாதது.

ஆகவே கேட்பவர் கையில் டெரேயைக் கொடுப்பேன். அடுத்து ஆங் தார்க்கே. ஹெர்சாக்கின் ‘அன்னபூர்ணா’ மூன்றாவதாக வரட்டும், ராபர்ட்ஸின் நூலையும் கூடவே வைத்து.